லைனில் தனியாக இறந்த டிரைவரின் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போகிறவர்களுக்கு

லாரித் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர் யாராக இருந்தாலும் வாடகை பேசுவது, டீசல் கணக்கு, டயர் கணக்கு, பாஸ்டேக் எல்லாம் ஆறு மாதத்தில் பிடிபட்டுவிடும். ஆனால் லைனுக்கு, அதாவது வெளிமாநில லோடுக்குப் போன டிரைவர் எங்கோ ஒரு மாநிலத்தில், ரோட்டோரம் நிறுத்திய வண்டிக்குள்ளேயே இறந்துபோனார் என்று ஒரு நாள் போன் வந்தால், அந்த வீட்டுக்கு எப்படிப் போவது, போய் என்ன பேசுவது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. நான் சங்ககிரி பக்கத்தில் ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் புக்கிங் பார்க்க ஆரம்பித்து இருபது வருடம் ஆகப்போகிறது. இதற்குள் இப்படி ஐந்து வீடுகளுக்குப் போய்விட்டேன். முதல் வீட்டில் நான் பேசிய ஒரு வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் மனசு சங்கடப்படுகிறது. புதிதாக ஓனர் ஆனவர்கள், ஆபீஸில் சேர்ந்த பையன்கள், இப்போதுதான் லைனுக்கு ஏறியிருக்கும் தம்பிகள், டிரைவர் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள், இவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அந்த முதல் வீட்டில் நடந்ததையே முதலில் சொல்லிவிடுகிறேன். டிரைவருடைய மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், "வலி தெரியாமப் போயிருப்பாருங்க அக்கா, தூக்கத்துலயே போயிட்டாரு" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க கூட இருந்தீங்களா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குத் தெரிந்திருந்தால் அவருக்கு அது பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். எனக்கு எதுவும் தெரியாது.

இதில் இருக்கும் துக்கம் என்ன மாதிரி

ஊரில் நடக்கும் சாவில் கடைசி நேரத்தில் பக்கத்தில் யாராவது இருப்பார்கள். தலையை மடியில் தூக்கி வைத்து வாயில் ரெண்டு சொட்டுப் பால் ஊற்றியிருப்பார்கள், கண்ணை மூடிவிட்டிருப்பார்கள், அப்புறம் எத்தனை வருடம் ஆனாலும் "கடைசியா என்னைப் பார்த்தாரு" என்று சொல்லிக்கொள்ள ஒருத்தராவது மிஞ்சுவார். லைனில் நடக்கும் சாவில் அது கிடையாது. "ஒரு சொட்டுத் தண்ணி ஊத்த ஆளில்லாமப் போயிட்டாரே" என்பதுதான் நான் போன ஐந்து வீட்டிலும் கேட்ட அழுகை. மனுஷன் போனது ஒரு துக்கம், தனியாகப் போனது அதற்கு மேல் இன்னொரு துக்கம்.

முன்பெல்லாம் வண்டிக்கு ஒரு கிளீனராவது இருப்பான். நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்று 2018 வரை விதியே இருந்தது, அப்போதே பாதிப் பேர் அதைக் காகிதத்தில் மட்டும்தான் வைத்திருந்தார்கள். இப்போது கிளீனர் வேலைக்கு வரப் பையன்களும் இல்லை, இரண்டு ஆளுக்குப் படி கொடுக்க வாடகையும் கட்டுவதில்லை. நாமக்கல், சங்ககிரி வண்டிகள் ஹைதராபாத், நாக்பூர், டெல்லி வரைக்கும் ஒற்றை டிரைவரோடு போய் வருகின்றன. ஆபீஸில் இருப்பவருக்கு ஜிபிஎஸ்ஸில் வண்டி ஒரே இடத்தில் நிற்பது தெரியும். தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் கழித்துத்தான் சந்தேகமே வரும்.

அதனால் நீங்கள் துக்கம் கேட்கப் போகும்போது, அந்தக் கடைசி இரவைப் பற்றித் தெரிந்தது எதுவோ அதைக் கையோடு கொண்டுபோக முடியுமா என்றுதான் முதலில் யோசிக்க வேண்டும். மாலையும் பணமும் அதற்கு அப்புறம்.

வீட்டுக்குச் சொல்வது

போன் ஆபீஸுக்கோ ஓனருக்கோதான் வரும். இந்தியிலோ தெலுங்கிலோ மராட்டியிலோ யாரோ பேசுவார், பாதி புரியாது. உடனே வீட்டுக்கு அடிக்காதீர்கள். வண்டி நம்பர், லைசென்ஸில் உள்ள பெயர், எந்த ஸ்டேஷன் எல்லை, எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், இந்த நான்கையும் ஸ்டேஷனில் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். மொழி தெரியவில்லை என்றால் அந்த ரூட்டில் பத்து வருடம் ஓட்டிய டிரைவர் ஒருவரைப் போனில் சேர்த்துப் பேசச் சொல்லுங்கள். எந்த ஸ்டேஷன் என்றே தெரியாத நிலை என்றால் தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033 இருக்கிறது.

உறுதியானதும் நேரில் போய்ச் சொல்லுங்கள். மனைவிக்குப் போனில் சொல்லவே கூடாது. அவர் அந்த நேரம் வயலிலோ மில்லிலோ பஸ்ஸிலோ தனியாக இருக்கலாம், புருஷனும் தனி, இவரும் தனி என்று ஆகிவிடும். முதலில் டிரைவருடைய அண்ணனையோ தம்பியையோ மச்சானையோ பிடியுங்கள், கூடவே ஒரு பெண்ணை, பக்கத்து வீட்டு அக்காவோ சொந்தக்காரப் பெரியம்மாவோ, அழைத்துக்கொண்டு போங்கள். "ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க, சீரியஸா இருக்கு" என்று பொய் சொல்லி இழுக்கும் வழக்கம் நம் பக்கம் நிறைய உண்டு. வயதான அம்மாவுக்கு ஒரு மணி நேரம் அப்படிச் சொல்லி வைக்கலாம், மனைவிக்கு வேண்டாம். பிழைத்துவிடுவார் என்று அவர் சாமிக்கு நேர்ந்துகொண்டிருக்கும்போது வெளியே பந்தல் போட ஆள் வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, போட்டோ. சம்பவ இடத்தில் எடுத்த போட்டோ வாட்ஸ்அப்பில் டிரைவர்கள் குரூப்புக்கு வந்துவிடும், அடையாளம் பார்க்கச் சொல்லி நல்ல எண்ணத்தோடுதான் அனுப்பியிருப்பார்கள். உங்கள் போனோடு அதை நிறுத்துங்கள். குரூப்பில் போட்டவரைக் கூப்பிட்டு அழிக்கச் சொல்லுங்கள். பத்தாவது படிக்கும் மகன் கையிலும் போன் இருக்கிறது.

உடல் வந்து சேரும் வரைக்கும்

இந்த நாட்கள்தான் மிகவும் கொடுமையானவை, பெரும்பாலானவர்கள் அந்த வீட்டை விட்டுவிட்டுப் போவதும் இப்போதுதான், "பாடி வந்ததும் சொல்லுங்க, வர்றோம்" என்று. நாக்பூரிலிருந்து நாமக்கல் வரை சுமார் 1,300 கிலோமீட்டர். அங்கே போலீஸ் பஞ்சநாமா (சாட்சிகளை வைத்து எழுதும் விசாரணைக் குறிப்பு) எழுதி, போஸ்ட்மார்ட்டம் முடிந்து, ஆம்புலன்ஸ் பிடித்து வருவதற்கு இரண்டு நாள், சில நேரம் மூன்று நாள் ஆகும். அந்த நேரம் முழுக்க வீட்டில் உடலும் இல்லை, செய்ய வேலையும் இல்லை, அழுது ஓய்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் அப்போது போய் உட்காருங்கள், பேச வேண்டியதில்லை. அந்த வீட்டில் அடுப்புப் பற்ற வைக்க மாட்டார்கள், குழந்தைகளுக்கு இட்லியோ பாலோ வாங்கிக்கொண்டு போங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆம்புலன்ஸ் டிரைவரிடம் பேசி, "இப்ப கர்னூல் தாண்டிட்டாங்க", "பெங்களூர் வந்தாச்சு" என்று வீட்டு ஆட்களிடம் சொல்லிக்கொண்டே இருங்கள். இந்தச் சின்ன வேலை எவ்வளவு பெரியது என்று செய்து பார்த்தால்தான் தெரியும்.

கூடவே, அங்கே யார் போவது என்று முடிவு செய்ய வேண்டும். குடும்பத்தில் ஒருவர், மொழி தெரிந்த டிரைவர் ஒருவர், இரண்டு பேராவது. கிளம்பும் முன் அவர்களுக்குச் சொல்ல வேண்டியவை சில இருக்கின்றன, துக்கத்தில் யாருக்கும் இது ஞாபகம் வராது, நீங்கள்தான் ஞாபகமாகச் சொல்ல வேண்டும்.

போஸ்ட்மார்ட்டம் வேண்டாம், சீக்கிரம் கொண்டுவந்தால் போதும் என்று வீட்டில் சொல்வார்கள். அறுக்க வேண்டாம் என்ற அந்த மனசு எனக்குப் புரிகிறது. இருந்தாலும் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள், அந்த ரிப்போர்ட் இல்லாமல் இன்சூரன்ஸோ இழப்பீடோ கேட்பது பின்னால் மிகவும் கஷ்டமாகிவிடும். தனியாகக் கிடந்து இறந்தவர் விஷயத்தில் போலீஸ் சந்தேக மரணம் என்றுதான் எழுதுவார்கள். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவை வைத்து 174 என்று சொல்வோம், 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் அது பிரிவு 194. "சந்தேகம்" என்ற வார்த்தையைக் கேட்டு வீட்டில் பயந்துவிடுவார்கள், இது எல்லாருக்கும் எழுதுகிற வழக்கமான நடைமுறைதான் என்று சொல்லிவையுங்கள்.

அடுத்தது இறப்புச் சான்றிதழ். இறந்தது எந்த ஊர் எல்லையோ அந்த ஊர்ப் பதிவாளரிடம்தான் பதிய வேண்டும், நம் ஊர் நகராட்சியிலோ பஞ்சாயத்திலோ கொடுக்க மாட்டார்கள். 21 நாளுக்குள் பதிந்தால் சுலபம். அதனால் போனவர்களில் ஒருவர் உடலோடு வரட்டும், இன்னொருவர் ஒரு நாள் கூடத் தங்கி அந்த வேலையைத் தொடங்கிவிட்டு வரட்டும். பெயர், அப்பா பெயர், இனிஷியல் ஆதாரில் இருக்கிற மாதிரியே எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அங்கே இனிஷியல் வழக்கம் இல்லாததால் அப்பா பெயரைக் கடைசியில் போட்டு வேறு யாரோ மாதிரி ஆக்கிவிடுவார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இந்த ஒரு எழுத்துக்காக இரண்டு தடவை வடக்கே போய் வந்தது.

கடைசி இரவைத் தேடிக் கொண்டுவருவது

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

மூன்றாவதாக நான் போன வீடு. சேலத்திலிருந்து ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு நாக்பூர் போன வண்டி, அடிலாபாத் தாண்டி மகாராஷ்டிராவுக்குள் நுழைந்து கொஞ்ச தூரத்தில் ஒரு டாபாவில் நின்றிருக்கிறது. காலையில் டிரைவர் எழுந்திருக்கவில்லை. முதல் வீட்டில் பட்டதால், இந்தத் தடவை நான் போகும் முன்பே அந்த டாபாவின் நம்பரைத் தேடிப் பிடித்து, இந்தி தெரிந்த எங்கள் டிரைவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினேன். டாபாக்காரர் பொறுமையாகச் சொன்னார். ராத்திரி பத்து மணி வாக்கில் வந்திருக்கிறார். ரெண்டு ரொட்டி, பருப்பு சாப்பிட்டிருக்கிறார். காசு கொடுத்துவிட்டு, காலையில் ஐந்து மணிக்கு டீ வேண்டும், பையனை அனுப்பி எழுப்பிவிடு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வண்டியை மற்ற வண்டிகளுக்கு வழி விட்டு ஓரமாகப் போட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல்லும் வைத்திருக்கிறார். பையன் டீயோடு போய்த் தட்டியபோது திறக்கவில்லை. பக்கத்து வண்டியில் இருந்த பஞ்சாப் டிரைவர் ஒருவர்தான் ஏறிக் கதவைத் திறந்து, பார்த்துவிட்டு, தன் போர்வையை எடுத்து வந்து மூடியிருக்கிறார். போலீஸ் வந்து ஆம்புலன்ஸில் ஏற்றுகிற வரைக்கும் அவர் தன் வண்டியை எடுக்கவே இல்லை.

இதை அந்த அக்காவிடம் சொன்னேன். ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டார். என்ன சாப்பிட்டார், போர்வை என்ன கலர் என்பது வரைக்கும். சக்கரத்துக்குக் கல் வைத்ததைச் சொன்னபோதுதான், "அவரு எப்பவும் வெப்பாரு" என்று சொல்லி ஓவென்று அழுதார், அதுவரை இரண்டு நாளாக அழாமல் உட்கார்ந்திருந்தவர். ஒரு வாரம் கழித்து அந்தப் பஞ்சாப் டிரைவரிடம் பேச வேண்டும் என்றார். நம்பர் வாங்கிக் கொடுத்தோம். இவருக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, நடுவில் எங்கள் டிரைவர் சொல்லிக்கொண்டிருந்தார், கொஞ்ச நேரத்தில் அவரும் சொல்வதை நிறுத்திவிட்டார், இரண்டு பக்கமும் அழுகைதான். "பக்கத்துல ஒருத்தரு இருந்திருக்காரு" என்று அந்த அக்கா அப்புறம் பல பேரிடம் சொன்னதைக் கேட்டேன்.

நீங்களும் இதைச் செய்யுங்கள். டாபா, பெட்ரோல் பங்க், லோடு இறக்கிய குடோன், கடைசியாகப் போனில் பேசிய சக டிரைவர், யாரிடம் கேட்டாலும் ஏதாவது ஒன்று கிடைக்கும். பாஸ்டேக் மெசேஜில் கடைசி டோல்கேட் தாண்டிய நேரம் இருக்கும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மனசில் வைத்தால் மறந்துவிடும்.

ஆனால் கிடைத்ததை எல்லாம் கொண்டுபோய்க் கொட்டக் கூடாது. அந்த டாபாக்காரர் இன்னொன்றும் சொன்னார், நெஞ்சு எரிகிறது என்று சோடா வாங்கிக் குடித்தார் என்று. அதை நான் முதல் நாள் மனைவியிடம் சொல்லவில்லை. தம்பியிடம் சொன்னேன். யாராவது அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தால் என்ற நினைப்பு ஆளைத் தின்றுவிடும், அதைத் தாங்குகிற நேரம் வேண்டும். இரண்டு மாதம் கழித்து அவராகவே, "ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுன்னு யார்கிட்டயாவது சொன்னாரா?" என்று கேட்டார், அன்றைக்குச் சொன்னேன். கேட்டால் மறைக்காதீர்கள், கேட்கும் வரை திணிக்காதீர்கள். தெரியாததைச் சொந்தமாகச் சேர்த்துச் சொல்லவே சொல்லாதீர்கள், பிறகு போலீஸ் ரிப்போர்ட்டில் வேறு மாதிரி இருந்தால் நீங்கள் சொன்ன நல்லதும் பொய்யாகிவிடும்.

உடல் வந்த பிறகு, வீட்டில்

ஓனராக இருந்தாலும் சரி, ஆபீஸ் ஆளாக இருந்தாலும் சரி, ஆம்புலன்ஸ் வரும்போது அங்கே இருங்கள். பின்னால் காரில் வந்து மாலை போட்டுவிட்டுப் போகும் ஓனரை டிரைவர்கள் மறக்க மாட்டார்கள். நாள் கடந்து வருவதால் முகம் மாறியிருக்கலாம், கட்டித் தைத்து வந்திருக்கும். முதலில் அண்ணன் தம்பி யாராவது பார்த்துவிட்டு, மற்றவர்களுக்கு எவ்வளவு காட்டுவது என்று அவர்கள் முடிவு செய்யட்டும். "முகத்தைக் காட்டுங்க" என்று கூட்டத்தில் குரல் கொடுக்கிறவர்களை நீங்கள்தான் தள்ளி அழைத்துப் போக வேண்டும். அதே நேரம், பார்த்தே ஆக வேண்டும் என்று மனைவியோ அம்மாவோ சொன்னால் தடுக்காதீர்கள், அது அவர்கள் உரிமை.

எங்கள் பக்கம் ஆண்கள் போனால் வாசலில் நிற்கும் அண்ணன், தம்பி, மகன் இவர்களிடம் இரண்டு கையையும் நீட்டி அவர்கள் கையைத் தொட்டுவிட்டுப் பந்தலில் உட்காருவோம். பெண்கள் உள்ளே போய்க் கட்டிப்பிடித்து அழுவார்கள். வேறு மாவட்டத்திலிருந்து வந்தவர் என்றால் முன்னால் போகிறவர் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள். கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" என்று சொல்லக் கூடாது என்பது எல்லா ஊருக்கும் தெரிந்தது, எழுந்து பேசாமல் வந்துவிடுங்கள். அடக்கத்துக்கு வர முடியாமல் பிறகு துக்கம் கேட்கப் போகிறவர்கள், சில வீடுகளில் செவ்வாய், வெள்ளி வேண்டாம் என்பார்கள், ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது நல்லது.

பேச்சு என்று பார்த்தால் குறைவாகத்தான் தேவைப்படும். "அண்ணன் எனக்குத்தான் முதல் முதல்ல கியர் மாத்தச் சொல்லிக் கொடுத்தாருங்க அக்கா", "எந்த லோடா இருந்தாலும் தார்ப்பாய் அவரு கட்டினா ஒரு சொட்டு உள்ள போகாது" என்று உங்களுக்கு அவரைப் பற்றித் தெரிந்த ஒரே ஒரு உண்மையைச் சொன்னால் போதும். வீட்டில் இருக்கிறவர்களுக்கு அவர் மாதத்தில் நாலைந்து நாள் வந்து தூங்கிவிட்டுப் போகும் மனுஷர், மீதி இருபத்தைந்து நாள் அவர் எப்படி இருந்தார் என்பது நமக்குத்தான் தெரியும். அதைச் சொல்ல வேறு ஆளில்லை.

சொல்லக் கூடாதவை நிறைய. "சுகர் இருந்துச்சா, மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாரா" என்று கேட்காதீர்கள், பதில் எதுவாக இருந்தாலும் மனைவி தலையில்தான் விழும். "குடிச்சிருந்தாரா" என்ற கேள்வியைப் பந்தலில்கூடக் கேட்காதீர்கள், காற்றுவாக்கில் உள்ளே போய்விடும். "இந்த டிரிப் போகாம இருந்திருக்கலாம்" என்பதும் வேண்டாம், தீபாவளிக்குத் துணி எடுக்க வேண்டும், ஒரு நடை போய்விட்டு வாருங்கள் என்று மனைவிதான் அனுப்பியிருப்பார். "கொடுத்து வச்சவரு, படுக்கையில கிடக்காமப் போயிட்டாரு" என்பது எண்பது வயது அப்பாருக்குச் சொல்வது, நாற்பத்தைந்து வயதுக்காரர் வீட்டில் அது குத்தும். மகனைப் பார்த்து "இனிமே நீதாண்டா வீட்டைப் பாத்துக்கணும்" என்று எல்லாரும் சொல்கிறோம், பதினான்கு வயதுப் பையன் அதைக் கேட்டுக்கொண்டு நிற்பதைப் பாருங்கள். அதற்குப் பதிலாக அவனைக் கூட்டிப் போய் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

லைனில் இருக்கும் டிரைவர்கள் வர முடியாது. அவர்கள் குரூப்பில் கும்பிடும் படம் போடுவதோடு நிறுத்திவிடாமல், வண்டியை ஓரம் கட்டி, அந்த வீட்டு அண்ணனுக்கோ மகனுக்கோ ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம். "நான் இப்ப இந்தூர்ல இருக்கேன், வர முடியல. விஜயவாடாவுல என் வண்டி பிரேக் டவுன் ஆனப்ப அண்ணன் ராத்திரி பூரா கூட நின்னாரு. ஊருக்கு வந்ததும் நேர்ல வர்றேன்" என்கிற அளவு போதும். அந்தக் குரலை அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். நேரில் வருகிறேன் என்று சொன்னால் வந்துவிடுங்கள்.

அவருடைய சாமான்

வண்டியை எடுத்து வரப் போகும் மாற்று டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கேபினில் இருக்கும் பை, லுங்கி, போர்வை, சமைக்கிற அடுப்பு, பாத்திரம், மாத்திரைப் பட்டை, டேஷ்போர்டில் ஒட்டியிருக்கும் சாமி படம், பிள்ளைகள் போட்டோ எதையும் தூக்கிப் போடாமல், துவைக்காமல், அப்படியே கொண்டுவர வேண்டும். சாக்கில் கட்டி வாசலில் போட்டுவிட்டுப் போன ஒரு ஓனரை எனக்குத் தெரியும். ஒரு நல்ல பெட்டியோ பையோ வாங்கி, என்னென்ன இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி, குடும்பத்தார் கையில் கொடுங்கள். துவைக்காத சட்டையை மகள் முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் துவைக்க வேண்டாம் என்கிறேன்.

போன் போலீஸிடம் இருக்கும், கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். சிம்முக்கு ரீசார்ஜ் போட்டு உயிரோடு வைத்திருங்கள். பேங்க் ஓடிபி எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும், கூடவே அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களும் அந்த வாட்ஸ்அப்பில்தான் இருக்கின்றன.

பணம்

ஆம்புலன்ஸ், அடக்கச் செலவு இரண்டையும் ஓனர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து, இதில் பேச்சுக்கு இடமில்லை. அவர் வாங்கியிருந்த அட்வான்ஸ் பாக்கியைத் தள்ளுபடி செய்துவிட்டு, ஓட்டிய டிரிப்புக்கு வர வேண்டிய படியைக் கொடுங்கள். கணக்கு நோட்டைச் சாவு வீட்டுக்குக் கொண்டுபோகவே கூடாது. நண்பர்கள் சேர்த்த பணம் என்றால் யார் யார் எவ்வளவு என்று எழுதி, பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, மனைவியின் பேங்க் கணக்கில் போடுங்கள். கூட்டத்தில் எண்ணிக் கொடுப்பது, போட்டோ எடுப்பது வேண்டாம்.

இழப்பீடு பற்றிய பேச்சும் காரியத்துக்குப் பிறகுதான். ஆனால் ஒரு விஷயம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். "ஆக்சிடென்ட் இல்லையே, ஹார்ட் அட்டாக்தானே, ஒண்ணும் கிடைக்காது" என்று வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள். அது சரியல்ல. டெல்லியிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் லாரி ஓட்டிப்போன ஒரு டிரைவர், உடம்பு சரியில்லாமல் போய் ஜார்கண்டில் ஒரு ஹோட்டல் பக்கத்தில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு மயங்கி விழுந்து இறந்தார். அந்த வழக்கில் 2012 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இது வேலையின் பளுவால் வந்த சாவுதான், தொழிலாளர் இழப்பீடு உண்டு என்று தீர்ப்பு சொன்னது. ஒவ்வொரு வழக்கிலும் வேலைக்கும் சாவுக்கும் இருக்கும் தொடர்பைக் காட்ட வேண்டும், அதற்குத்தான் டிரிப் விவரம், டோல்கேட் நேரம், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் எல்லாம். நீங்கள் கடைசி இரவைப் பற்றி எழுதி வைத்த சீட்டு இங்கேயும் உதவும். நல்ல வக்கீல் ஒருவரிடம் தாமதிக்காமல் அழைத்துப் போங்கள். அதுவரை வெற்றுப் பேப்பரிலோ பத்திரத்திலோ கையெழுத்துப் போட வேண்டாம் என்று குடும்பத்திடம் சொல்லிவையுங்கள், நீங்கள் ஓனராகவே இருந்தாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

பாஸ்புக்கையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். மே மாதக் கடைசி வாக்கில் 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு, எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் உண்டு. 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக்கான காப்பீடு, அதுவும் 2 லட்சம். அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்று அட்டையைத் தேடுங்கள், இயற்கை மரணத்துக்கும் உதவித்தொகை இருக்கிறது.

பதினாறு நாளுக்குப் பிறகு

கூட்டம் கலைந்த பிறகுதான் அந்த வீட்டுக்கு ஆள் தேவை. மாதம் ஒரு தடவை போங்கள், பேப்பர் வேலை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று கேட்பதே போவதற்குக் காரணமாக இருக்கும். மனைவி ஒரே கதையைத் திரும்பச் சொல்வார், டாபா, ரொட்டி, கல். முதல் தடவை கேட்கிற மாதிரியே கேளுங்கள்.

அவர் ஓட்டிய வண்டியை அந்த வீட்டு வழியாக எடுத்துப் போகும் புது டிரைவருக்குச் சொல்லி வையுங்கள், அந்தத் தெருவில் ஏர் ஹாரன் அடிக்க வேண்டாம் என்று. ஊருக்குள் நுழையும்போது அவர் அடிக்கும் ஹாரன் சத்தம் கேட்டுத்தான் அந்த வீட்டில் உலை வைப்பார்கள்.

ஆயுத பூஜைக்கு எல்லா டிரைவர் வீட்டுக்கும் ஆபீஸிலிருந்து பொரி, கடலை, பழம், ஸ்வீட் பாக்ஸ் போகும். அந்த வருடம் துக்கம் இருப்பதால் கொடுக்கலாமா என்று தயங்கி விட்டுவிடுவார்கள், அடுத்த வருடம் லிஸ்டிலேயே பெயர் இருக்காது. முதல் வருடம் ஸ்வீட் இல்லாமல் பழம் மட்டும் வாங்கிக்கொண்டு நேரில் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அடுத்த வருடத்திலிருந்து மற்ற வீடுகளுக்குப் போகிற மாதிரியே அங்கேயும் போகட்டும். நாங்கள் அந்த ஜவ்வரிசி லோடு அண்ணனுடைய பெயரை லிஸ்டிலிருந்து எடுக்கவில்லை, இப்போது அந்த பாக்ஸை வாங்க அவருடைய மகள் ஸ்கூட்டியில் ஆபீஸுக்கே வந்துவிடுகிறாள்.